இடது கண்ணுக்குப் புது பிளேடு

உக்காருங்க, உக்காருங்க, எடம் இருக்குது. அந்தப் பையைக் கீழ வெக்காதீங்க, இப்பத்தான் தண்ணி உட்டுத் தொடச்சுட்டுப் போனாங்க. இவ மடியில வெச்சிருங்க. வெச்சா என்னங்க, சும்மாத்தான உக்காந்திருக்கறா. புடிச்சுக்க மைதிலி. கையை நீட்டு. இக்கட்ட, இந்தப் பக்கம். ஆ, அது.

உங்க ஊட்டுக்காரரா உள்ள? கண்ணுல பொரை எடுக்கறதா? அது ஒண்ணுமில்லீங்க, வெசையா முடிச்சு அனுப்பிருவாங்க. நாங்க காங்கேயம் பக்கமுங்க. எங்க ஊட்டுக்காரரு தேங்காக்களம் போட்டிருக்கறாரு. உள்ள அளவு எடுத்துட்டு இருக்கறது சின்னவ, பிருந்தா. லேசரு பண்ணி கண்ணாடியை எடுத்துப் போடறதுக்கு வந்திருக்கறோம். இது பெரியவ. இவளுக்குப் போன வருசமே பண்ணியாச்சு.

எப்படி இருக்குதுன்னு கேக்கறீங்களா? பாத்தாவே தெரியிலீங்களா.

சொல்றேன். ஆனா இங்க யாருகிட்டயும் வாய் உட்றாதீங்க. இவ அவளுக்கு அக்கான்னு தெரிஞ்சுதுன்னா சின்னவளுக்குப் பண்ண மாட்டோம்னு திருப்பி அனுப்பிருவாங்க. பண்ணாட்டி கல்யாணம் நின்னு போயிரும். அவ்வளவுதான் விசயம். நானுங்க, எச்சா ஒரு வார்த்தை பேசற ஆளில்ல. உங்க மொகத்தைப் பாத்தா நம்ம ஆளுகளாட்டத் தெரியுது, அதுக்கோசரம் சொல்றேன்.

இவ காதுல உழுந்தா உழுகட்டுமுங்க. புதுசாவா கேக்கப்போறா.

இவளுக்கு மூணாவது படிக்கையிலயே கண்ணாடி வந்துருச்சு. மைனஸ் ஆறு. கழட்டுனா மூக்குல ரெண்டு பக்கமும் குழி. படிப்பு நல்லாப் படிச்சா, இல்லீங்கல. காங்கேயத்துல ஒரு லேபுல வேலை. மைக்ராஸ்கோப்புல அடுத்தவன் ரத்தத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கற வேலை. அதையே பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சா. அம்மா, ஒரு சொட்டு ரத்தத்துக்குள்ள எத்தனை இருக்குது தெரியுமாங்கறா. எனக்கென்னத்துக்குடி அதெல்லாம், சோறு உங்கற நேரத்துலன்னேன்.

அந்த சமயத்துலதான் தாராபுரத்து எடம் வந்துச்சு. நூல்மில்லுக்காரங்க. ஒரே பையன். பையன் பாக்கறதுக்கும் லட்சணம், குடி கிடி ஒண்ணுங் கெடையாது. சாதகம் அப்படியே ஒட்டிக்கிச்சு. எல்லாம் சரியா வர்றப்ப தரகரு தலையைச் சொறியறாரு. என்னன்னு கேட்டா, மாப்பிள்ளையோட அம்மாவுக்குக் கண்ணாடி போட்ட மருமக ஆகாதாமா. நாளைக்குப் பொறக்கற புள்ளையும் கண்ணாடியோட பொறக்குமின்னு நெனைக்கறாங்க. அதுவும் ஒரு நியாயந்தானுங்களே. நாம மாடு வாங்குனாக்கூட சுழி பாத்துத்தான வாங்கறோம்.

இவகிட்டச் சொன்னேன். கண்ணாடி போட்டா எனக்கு நல்லாத்தான் தெரியுது, அவங்களுக்குப் புடிக்கிலீன்னா அவங்க கண்ணை மூடிக்கட்டும்னா. அந்த வாயி இருந்துச்சுங்க அப்ப. இப்பத்தான் போச்சு.

நானும் நல்லதனமாச் சொல்லிப் பாத்தேன். கேக்கல. ஒரு நா காத்தால இவ குளிக்கப் போனப்ப கண்ணாடியை எடுத்து அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடிட்டேன். பீரோவுல பழசு ஒண்ணு இருந்துச்சு, அதையும் எடுத்துட்டேன். வந்து தேடறா. அம்மா, வெளையாடாத, வேலைக்குப் போகோணுங்கறா. நான் பாட்டுக்கு வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன். செவுத்தைப் புடிச்சுட்டு நடக்கறா, சேர்ல இடிச்சுக்கறா, டம்ளருன்னு நெனச்சு சொம்பைத் தட்டி உடறா. சின்னவளுக்குச் சிரிப்புத் தாங்கல. மறு நாளும் குடுக்கல. அப்பறம் அவளா வந்து, சரிம்மா, பண்ணிக்கறேன், கண்ணாடியைக் குடுன்னா. பாத்துக்கங்க, நான் ஒரு அடி அடிக்கல. ஒரு கெட்ட வார்த்தை பேசல. ஊருல எத்தனை பேரு பெத்த புள்ளையை அடிச்சே சம்மதிக்க வெக்கறாங்க.

அப்பறம் ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். பேரு வேண்டாம். அந்த ஆஸ்பத்திரி மேனேஜரு என்ற தம்பிக்கு நெம்ப வேண்டப்பட்டவரு. அங்க அளவு எடுக்கறதுக்குன்னே ஒரு புள்ள இருந்துச்சு. ஜெபஷீலான்னு பேரு, நாகருகோயில் பக்கமாமா. அதுவே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்துச்சுங்க. நான் உள்ள போனதுமே நெனச்சேன், இத்தனை பெரிய லேசரு வெச்சிருக்கற ஆஸ்பத்திரியில இதுக்கு ஒரு லேசரு பண்ணி உடக்கூடாதான்னு.

இவளை உக்கார வெச்சு அளந்துச்சு. தாடையை வெக்கச் சொல்லி, நெத்தியை ஒட்டச் சொல்லி, பச்சை வெளிச்சத்தைப் பாருங்கன்னு ஒருக்கா, செவப்பைப் பாருங்கன்னு ஒருக்கா. அளந்து முடிச்சுட்டு மறுபடியும் மொதல்ல இருந்து அளக்குது. ஏம்மா, ஒருக்கா அளந்தாப் போதாதான்னேன். ஒரே கண்ணை மூணு வாட்டி அளந்து மூணும் ஒண்ணுபோல வந்தாத்தான் நம்புவேன்னு சொல்லுச்சு. அப்படி ஒரு சந்தேகப் பிராணி.

என்ன விசயமுன்னா, கண்ணுக்கு முன்னால கண்ணாடியாட்டம் ஒரு தோலு இருக்குதாமா. அதுல மேலாப்புல ஒரு சீவு சீவி மூடியாட்டம் தூக்குவாங்க. ஒரு ஓரம் மட்டும் ஒட்டிட்டு இருக்கும், டப்பா மூடிக்குக் கீலு இருக்கற மாதிரி. தூக்கி வெச்சுட்டு அடியில லேசரு காட்டுவாங்க. அப்பறம் மூடியைப் பழையபடி மூடிருவாங்க. தையல்கூடக் கெடையாது. இதுல மூடி எவ்வளவு கனமா வருதுங்கறதுதான் கணக்காமா. மூடி கனமாப் போயிருச்சுன்னா அடியில மிஞ்சறது மெலிசாப் போயிரும். ரொம்ப மெலிசாப் போனா போகப்போக முன்னால துருத்திக்குமாமா. துருத்திக்கிட்டா மறுபடி கண்ணாடி போட்டாலும் தெரியாதாமா.

இவளுக்குத் தோலே சித்த மெலிசுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. இடது கண்ணு அதுலயும் மெலிசாமா. பேசாம கண்ணாடியே போட்டுக்கலாமேன்னு இவகிட்ட நைசாச் சொல்லிப்போட்டுது. இவ மொகம் மலர்ந்துருச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நாங்க என்ன உன்கிட்ட யோசனை கேக்கவா வந்தோம்னேன். டாக்டருகிட்டயே போனேன். அவரு பாத்துட்டு, பண்ணலாம், ஆனா இடது கண்ணுல மூடி மெலிசா வந்தே ஆகோணும், அதுக்கு ஒரு வழி இருக்குதுன்னாரு.

அந்த வழி என்னன்னு கேட்டீங்கன்னா சிரிப்பீங்க. புது பிளேடு மாட்டி மொதக் கண்ணைச் சீவுறப்ப ஆழமா எறங்குமாமா. அதே பிளேடுல ரெண்டாவது கண்ணைச் சீவுனா கூர்மை சித்தக் கொறைஞ்சு, மூடி மெலிசா வருமாமா. இது அந்தப் புள்ள அளந்து கண்டுபுடிச்சதாமா. ஆபரேசன் ஆன எல்லாரையும் ஒரு வாரங் கழிச்சு வரச்சொல்லி, டாக்டரு நெனச்ச கனத்துக்கு மூடி வந்துச்சா, கூடப்போச்சா கொறஞ்சுதான்னு மிசின்ல பாத்து வெக்குமாமா. அதனால அங்க ஒரு வழக்கம். எந்தக் கண்ணு மெலிசோ அதை ரெண்டாவதாத்தான் பண்ணுவாங்க, அதே பிளேடுல.

இதை அந்தப் புள்ள என்கிட்டயே பெருமையாச் சொல்லுதுங்க. ஒரு கண்ணுல போட்ட பிளேடை இன்னொரு கண்ணுல போடுவீங்களா? சவரக்கடையிலகூட இப்பெல்லாம் புதுசு பிரிச்சுத்தானுங்க போடறான். நாங்க என்ன தர்மாஸ்பத்திரிக்கா வந்திருக்கறோம்? ஒடனே தம்பிக்குப் போன் போட்டேன். தம்பி மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜரு எறங்கி வந்துட்டாரு, அக்கா, நீங்க கவலையே படாதீங்க, நம்ம பொண்ணுக்குக் கண்ணுக்கொரு புது பிளேடு போடச் சொல்றேன்னாரு.

அந்தப் புள்ள குறுக்க வந்து நிக்குது. சார், இந்தக் கண்ணுக்கு அது ஆகாதுங்க சார், அளவைப் பாருங்கங்குது. நான் கேட்டேன், எல்லாரும் இருக்கறப்பவே கேட்டேன். ஏம்மா, உனக்கு யாரும் கேட்டு வரலைன்னா அதுக்கு என்ற பொண்ணு என்ன பண்ணுவா? நீ கண்ணாடியோட உக்காந்திருந்தா ஊருல இருக்கற பொண்ணெல்லாம் கண்ணாடியோடயே உக்காந்திருக்கோணுமான்னேன். அந்தப் புள்ள கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுது. மேனேஜரு அதைப் பாத்து, நீ உள்ள போம்மான்னாரு. அப்பறம் டாக்டரும் சரின்னுட்டாரு. பெரிய எடத்துச் சொல்லு, தட்ட முடியுமுங்களா.

கண்ணுக்கொரு பிளேடு. எங்க சொந்தத்துல யாருக்கும் அப்படிப் பண்ணதில்லீங்க. ஒறம்பரை வந்தப்பெல்லாம் சொன்னேன்.

ஆபரேசன் முடிஞ்ச மறு நா காத்தால கண்ணு மேல ஒட்டியிருந்த தடுப்பை எடுத்ததும் இவ வாசல்ல வந்து நின்னா. ரோட்டுல போற பஸ்ஸோட போர்டைப் படிக்கறா. களத்துல காயற தேங்காப் பருப்புல காக்கா உக்காந்திருக்குதுங்கறா. தென்னை ஓலையில ஒவ்வொரு ஈக்கும் தனித்தனியாத் தெரியுதும்மான்னு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. இவ என்னைக் கட்டிப் புடிச்சு எத்தனை வருசமோ. பாத்தியா, அம்மா சொன்னாக் கேக்கோணும்னு அப்பத்தான் சொன்னேன். ஆமாம்மான்னா. இவதானுங்க சொன்னா. கேட்டுப்பாருங்க. ஏன் மைதிலி, நீ சொன்னியா இல்லியா?

சரி, பேசாட்டிப் போ.

ஒரு வாரத்துல அந்த ஜெபஷீலா போன் பண்ணுச்சு. மூடி எத்தனை கனம் வந்திருக்குதுன்னு அளக்கோணும், கூட்டிட்டு வாங்கன்னு. நல்லாத்தான் தெரியுது, அப்பறம் எதுக்கம்மா அளவு, தெச்சுப் போட்டுக்கிட்ட ரவிக்கையை யாராச்சும் அவுத்து அளப்பாங்களான்னு கேட்டேன். இல்லீங்கம்மா, இடது கண்ணுக்குப் புது பிளேடு போட்டதுனால எனக்குப் பயமா இருக்குது, ஒருக்கா பாத்துரலாம்னு சொல்லுச்சு. பாருங்க, என்ன வாயின்னு. நல்லா இருக்கற கண்ணைப் பாத்து பயமா இருக்குதாமா. அதோட டாக்டருக்கு அவரு கைவேலை எத்தனை துல்லியம்னு கணக்குப் பாக்கோணும். அதுக்கு என்ற புள்ளை என்ன சோதனை எலியா? போனை வெச்சுட்டேன்.

மறுபடியும் பண்ணுச்சு. எடுக்கல. இவ போனுக்குப் பண்ணுச்சு. இவ, போயிட்டு வந்தர்லாமா அம்மான்னா. அன்னிக்குத்தான் மாப்பிள்ளை ஊட்டுல இருந்து நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றோம்னு தாக்கல் வந்திருக்குது. இந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்கு நடந்துட்டு இருந்தா எவனாச்சும் பாத்துப் போட்டுக் குடுக்க மாட்டானா? இவ போனையும் வாங்கி வெச்சுக்கிட்டேன்.

வந்து பாத்தாங்க. புடிச்சுப் போச்சு. கண்ணு எவ்வளவு அழகுன்னு அந்தம்மாவே சொன்னாங்க. மாப்பிள்ளை ஏதோ மிசின் வாங்க வெளிநாடு போறாரு, வந்ததும் நிச்சயம் வெச்சுக்கலாம்னு பேச்சு. நல்லாப் போயிட்டு இருந்துச்சுங்க எல்லாம்.

அப்பறந்தான் இவ ஆரம்பிச்சா. லைட்டைப் பாத்தா வாலு முளைச்ச மாதிரி இழுக்குதுங்கறா. நெலா ரெண்டாத் தெரியுதுங்கறா. நீ போனைப் பாக்கறதைக் கொறைச்சுக்கன்னேன். போனே நீதானம்மா வெச்சிருக்கறங்கறா. எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு. லேபுல ஏதோ தப்பாப் பாத்து எழுதிப்போட்டாளாமா. ஒரு பெரியவருக்கு இல்லாத சீக்கை இருக்குதுன்னு எழுதி, அந்த மனுசன் வெசனத்துல படுத்துட்டாராமா. வேலையை உட்டு நிறுத்திட்டாங்க. மூணு நாளு சோறு உங்காம அழுதா. கல்யாணம் ஆனா எப்படியும் உடறதுதான, இதுக்கு எதுக்கு அழுவாச்சின்னு சொல்லிட்டு நான் என்ற வேலையைப் பாத்தேன். நெசமாத்தான் எனக்குப் புரியிலீங்க அந்த அழுகை.

நிச்சயத்தன்னிக்கு மண்டபம் நெறைய ஒறம்பரை. இவளுக்கு அரக்குச் சீலை, காசுமாலை, எல்லாம் போட்டு மணையில உக்கார வெச்சாச்சு. மாப்பிள்ளையோட அம்மா தாம்பாளத்துல பட்டுச்சீலை, பூ, குங்குமம் எல்லாம் வெச்சு இவகிட்ட நீட்டறாங்க. இவ எந்திரிச்சு வாங்கோணும். எந்திரிச்சா. கையை நீட்டறா பாருங்க, தட்டுக்கு ஒரு ஜாண் இக்கட்ட, வெறுங்காத்துல. அந்தம்மா வாங்கிட்டான்னு நெனச்சு கையை எடுத்துட்டாங்க. தாம்பாளம் அப்படியே கீழ உழுந்து உருளுது. குங்குமம் பூரா அந்தம்மா கால்ல.

அந்தம்மா கேக்கறாங்க, ஏனுங்க, பொண்ணுக்குக் கண்ணு தெரியாதுங்களான்னு. இவ பேசாம இருந்தாலும் பரவாயில்ல. ஆமாங்க, சரியாத் தெரியிலீங்கன்னு அத்தனை பேரு முன்னாலயும் சொல்றா.

அவிய எந்திரிச்சுட்டாங்க. செருப்பைப் போட்டுட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு தலையில கையை வெச்சுட்டு உக்காந்துட்டாரு. நான் உக்காரலீங்க. ஓடிப்போயி அந்தம்மா கையைப் புடிச்சேன். சின்னவ இருக்கறாளுங்க, அவளையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்கன்னேன். பிருந்தா பின்னால நின்னுட்டு இருந்தா. கெட்டிக்காரிங்க அவ. யாரும் சொல்லாமயே கண்ணாடியைக் கழட்டி இடுப்புல சொருகிட்டு வந்து நின்னா. நான் இவ கழுத்துல இருந்த காசுமாலையைக் கழட்டி அவளுக்குப் போட்டேன். இவளாவே குனிஞ்சு குடுத்தா, கொக்கியை எடுக்கறதுக்கு.

அந்தம்மா பிருந்தாவை மேலுங்கீழும் பாத்தாங்க. மூக்குல குழி இருக்குதே, இதுக்கும் கண்ணாடி உண்டான்னாங்க. எடுத்தர்லாமுங்க, பெரியவளுக்குப் பண்ண ஆஸ்பத்திரி வேண்டாம், கோயமுத்தூருல பண்ணிரலாமுங்கன்னேன். எடுத்துட்டு தாக்கல் சொல்லுங்க, அப்பறம் பாக்கலாம்னு சொல்லிட்டுப் போனாங்க. மாப்பிள்ளை திரும்பி ஒரு பார்வை பாத்தாரு. பிருந்தாவைத்தான்.

எல்லாம் ஓஞ்சப்பறம் இவளை ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். அதே புள்ளதான் அளந்துச்சு. மிசின்ல படம் வருதுங்க, கண்ணைக் குறுக்க வெட்டிப் பாத்தாப்புல. மூடிக்கும் அடித்தோலுக்கும் நடுவுல ஒரு கோடு. வலது கண்ணுல கோடு நடுவாப்புல இருக்குது. இடது கண்ணுல கோடு நெம்பக் கீழ எறங்கிக் கெடக்குது. மூடி அத்தனை கனம். அடியில மிஞ்சுனது அப்பளமாட்டம். அது முன்னால கூம்பிட்டு நிக்குது. எனக்கே பாத்தாத் தெரிஞ்சுது.

அந்தப் புள்ள அழுதுருச்சுங்க. அது எதுக்கு அழுகோணும், அதோட கண்ணா? அன்னிக்குக் கூப்பிட்டப்ப வந்திருந்தா தெரிஞ்சிருக்குமே, அடிக்கடி பாத்துட்டே இருந்து, மாற ஆரம்பிச்சதுமே மருந்து உட்டு வெளிச்சம் காட்டி அந்தத் தோலை இறுக்கியிருப்பாங்களேன்னு சொல்லுது. இப்ப இடது கண்ணுக்கு செத்தவங்க கண்ணு வாங்கி வெச்சாத்தானாமா. வலது கண்ணும் ஆரம்பிச்சிருச்சு, அதையாச்சும் ஒடனே இறுக்கிரலாம்னு சொல்லுது. நான் கேட்டேன், அப்படி ஆபத்துன்னு தெரிஞ்சவ அன்னிக்கே என்ற கால்ல உழுந்து தடுத்திருக்கோணுமா இல்லியான்னு. நீங்களே சொல்லுங்க. தடுத்திருக்கோணுமா இல்லியா?

நாங்க பொறப்படறப்ப அந்தப் புள்ள சொல்லுச்சு, அம்மா, இவங்க கூடப்பொறந்தவங்களுக்கும் இப்படி வர வாய்ப்பு எச்சு, சின்னவளுக்கு மட்டும் பண்ணிராதீங்க, எங்க போனாலும் அக்காவைப் பத்திச் சொல்லிருங்கன்னு. சொல்லுவனா நான்?

இவ வலது கண்ணா? அது கல்யாணம் முடிஞ்சுதான் பாக்கோணும். இப்பப் போயி கண்ணு வாங்கறோம், மருந்து உடறோம்னா, இது கூடப்பொறந்தவளுக்கும் வர்ற சீக்குன்னு தாராபுரத்துக்குத் தெரியாமப் போகுமா? சம்பந்தக்காரங்க காது நெம்ப நீளமுங்க. இவளும் ஒண்ணும் கேக்கல. அவபாட்டுக்கு இருக்கறா. ரெண்டு பேரும் ஒரே ரூம்புலதான் படுக்கறது. சின்னவ மாப்பிள்ளைகூடப் போன்ல பேசிட்டு இருப்பா, இவ செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவா. ஒரு தொந்தரவு இல்ல.

இன்னிக்குத்தானுங்க அதிசயம். நாங்க கெளம்பறதுக்கு முன்னாலயே இவ குளிச்சு, தலை சீவி, கார்ல ஏறி உக்காந்துட்டா. நானும் வர்றேங்கறா. சின்னவ குதிக்கறா, நல்ல காரியத்துக்குப் போறப்ப இவ எதுக்கும்மா, மொகத்தைப் பாத்தாவே வெளங்காதுங்கறா. பேசறதுல கொஞ்சம் அப்படித்தான், சின்னப்புள்ளை. எறங்குடின்னேன், எறங்கல. ஊட்டுல தனியா உட்டுட்டு வந்தாலும் அடுப்பைக் கிடுப்பைப் பத்த வெச்சுக்குவான்னு கூட்டிட்டு வந்தேன். வழி பூராச் சொல்லிட்டு வந்தேன். நீ வாயைத் தொறந்தீன்னா உன்ற தங்கச்சி வாழ்க்கையை நீதான் கெடுத்தன்னு ஆயிரும், பாத்துக்கன்னு. என்ன நெனச்சுட்டு வந்திருக்கறாளோ. உள்ளுக்குள்ள பயமாத்தான் இருக்குது.

அதுக்கோசரந்தான் உங்களைக் கேக்கறேன். யாராச்சும் வந்து கேட்டா, இவ உங்க கூட வந்தவன்னு சொல்லிருங்க. உங்க பொண்ணுன்னு வேண்டாம், தெரிஞ்ச புள்ளைன்னு சொன்னாப் போதும். ஒரு வார்த்தைதானுங்களே. உங்களுக்கும் பொம்பளைப் புள்ளைக இருக்குமே.

இருங்க, நர்சம்மா வருது. பையை மடியிலயே வெச்சுக்க மைதிலி.

சொல்லுங்க சிஸ்டர். நாந்தான் பிருந்தாவோட அம்மா. அளவு எடுத்தாச்சுங்களா? ஓரத்துல நிக்குதா? ஓரம்னா என்னங்க, மெலிசுங்களா? டாக்டரு பண்ணலாமா வேண்டாமான்னு ரோசிக்கறாருங்களா? ஐயோ, பண்ணச் சொல்லுங்க சிஸ்டர். ஊட்டுல யாருக்காவதா? கண்ணு துருத்துனதா? அதெல்லாம் எங்க பரம்பரையிலயே கெடையாதுங்க. கூடப்பொறந்தவங்களா? இல்லீங்க. ஒரே பொண்ணுங்க எனக்கு.

இதுங்களா? சாடை ஒண்ணுபோல இருக்குதா? சாடை என்னங்க, நம்ம பக்கத்துல எல்லாரும் ஒரே சாடைதான். இது இவங்க கூட வந்த புள்ளைங்க. இவங்க ஊட்டுக்காரரு உள்ள பொரை ஆபரேசன்ல இருக்கறாரு. ஏனுங்க, சொல்லுங்க. ஏனுங்க தலையைக் குனிஞ்சுக்கறீங்க, சொல்லுங்க அவங்ககிட்ட. பாவம், அவங்க வெசனத்துல இருக்கறாங்க சிஸ்டர். அதுகிட்டயே கேக்கறீங்களா? எதுக்குங்க, அதுக்கு ஒண்ணுந்தெரியாது. சரி, கேளுங்க.

மைதிலி.

கேட்டுக்கிட்டீங்களா சிஸ்டர்? அதே சொல்லுது பாருங்க. எனக்கு அக்கா தங்கச்சி யாருமில்லீங்க, நான் இவங்க கூட வந்தேங்குது. இதுக்கு மேல என்ன வேணும்? நாளைக்குக் காத்தாலயேங்களா? மொத ஆளா? சந்தோசமுங்க. பிருந்தாவைத் துணி மாத்தி வரச் சொல்லுங்க, நான் இங்கயே இருக்கறேன். போயிட்டு வாங்க.

அப்பாடா. என்ற உசுரே திரும்பி வந்துச்சு. பாத்தீங்களா இவளை? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். தங்கம்டி நீ. தங்கச்சின்னா உசுரு இவளுக்கு. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான், வெளிய காட்டிக்க மாட்டா. எந்த அக்கா இப்படி உட்டுக்குடுப்பா, சொல்லுங்க. நான் இவளைப் பெத்ததுக்கு இன்னிக்குத்தானுங்க நெஞ்சு நெறைஞ்சிருக்குது.

வா கண்ணு, எந்திரி. கேன்டீன்ல எதாச்சும் வாங்கித் தர்றேன், காத்தால இருந்து நீ ஒண்ணுமே உங்கல. பையை அவங்ககிட்டக் குடுத்துரு. அவங்க கையை உடு, பாவம், வலிக்கும் அவங்களுக்கு. எந்திரி மைதிலி.

நர்சம்மா போயிருச்சு கண்ணு. யாரும் பாக்கல. இனி போதும்.

என்னடி, நீங்க யாருன்னு என்னையே கேக்கற? அம்மாதாண்டி. கொரலு தெரியிலியா? இங்க பாரு, இக்கட்டப் பாரு. வெளையாடாத மைதிலி, எல்லாரும் பாக்கறாங்க. ஏனுங்க, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க, நான் இவளுக்கு அம்மான்னு.